உட்கருத் துளையை மதகு எனலாமா?

உயிரணுவின் உட்கருவைச் சூழ்ந்து இரட்டைச் சவ்வு ஒன்று உண்டு என்பதும், அச்சவ்வில் எண்ணிறந்த துளைகள் உண்டு என்பதும் இன்று கல்லூரி மாணவர் யாவரும் அறிந்த செய்திகளே. அத்துளைகள் எப்பொழுதும் திறந்தே கிடப்பனவா, அன்றி நிலைமைக்கேற்ப விரிந்து சுருங்குவனவா என்பதும், அங்ஙனம் மாறுவதில் கால்சியத்துக்குப் பங்கு உண்டா என்பதும் அவ்வளவு எளிதில் விடை கூறத்தக்க வினாக்கள் அல்ல. இவற்றைப் பற்றி ஒரு மொழிபெயர்ப்பாளன் எழுதப் புகுவது வரம்பு மீறல் என்று சிலர் கருதக்கூடும். நான் ஆய்வுக்கூடத்தில் பணி செய்தவன் அல்லேன். ஆயினும், ஆராய்ச்சியாளர் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தரும்பொழுது நான் ஏதேனும் ஒரு சொல்லைத் தெரிந்தெடுத்தே ஆகவேண்டும். அச்சொல், ஆராய்ச்சியாளர் இன்னும் முடிவு கூறாத இடத்தில் தானே முடிவு கூறிவிடுவதுண்டு. அத்தகைய பிழை ஒன்றை நானே செய்தேன். அதனால் நேர்ந்ததைச் சொல்லி, சொற்களைப் பற்றிய என் கருத்தையும் வாசகர் முன் வைக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நான் குடியிருப்பது புனே நகரையடுத்த சாங்வியில். முளா, பவனா என்னும் இரண்டு ஆறுகளுக்கு இடையே அமைந்த ஊர் இது. முளா ஆற்றின் மேற்பகுதியில் முள்ஷி அணையும், பவனா ஆற்றின் மேற்பகுதியில் பவனா அணையும் உள்ளன. மழைக்காலத்தில் இவ்வணைகள் நிரம்பி மதகுகள் திறக்கப்படும்பொழுது, ஆற்றோரத் தெருக்களில் வசிப்போர் பண்டம் பாத்திரங்களை மேலே எடுத்து வைத்துக்கொண்டு விழித்திருப்பர். இவ்வூரில் ஒரு மழைக்காலத்தைக் கழித்தவனுக்கு மதகு என்னும் சொல் அகராதிச் சொல்லாக இராது. உட்கருத் துளைகளும் கால்சியமும் பற்றிய ஒரு கட்டுரையைத் தமிழாக்க நேர்ந்தபொழுது அச்சொல்தான் கைக்கு வந்தது. உட்கருவைச் சுற்றியுள்ள இரு சவ்வுகளுக்கும் இடையே கால்சியம் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. அச்சேமிப்பு நிறைந்திருந்தால் துளை திறந்திருக்கிறது. குறைந்தால் அடைபடுகிறது என்று மூலக்கட்டுரை கூறிற்று. ஏரி நிறைந்தால் திறக்கும், வற்றினால் மூடும் என்று உவமை தானாகவே அமைந்துவிட்டது. துளை என்று எழுதவேண்டிய இடமெல்லாம் மதகு என்று எழுதினேன். அந்த மொழிபெயர்ப்பைப் பற்றிச் சிறிது பெருமையும் கொண்டேன்.

சில மாதங்கள் கழித்துத் தமிழ்நாட்டிலிருந்து பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதிய கடிதம் வந்தது. தம் மாணவியர் அக்கட்டுரையைப் படித்தனர் என்றும், உணவில் சுண்ணாம்புச்சத்துக் குறைந்தால் உட்கருவின் மதகுகள் மூடிக்கொள்ளும் என்றும், ஆதலால் மரபணுக்கள் வேலை செய்யாமற்போகும் என்றும் அவர்கள் முடிவு செய்து, கேழ்வரகின் பெருமையைப் பற்றிச் சுவரில் ஒட்டும் படம் ஒன்று தயாரித்திருக்கின்றனர் என்றும் அவர் எழுதியிருந்தார். இது சரிதானா என்பது அவருடைய வினா.

கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு என்பது உண்மை. அதைக் குழந்தைகள் உண்பது நன்று என்பதில் ஐயமில்லை. படத்தில் உள்ள மற்றவை மாணவியரின் தவறல்ல, என் தவறு. ஆகவே செய்தியை முதலிலிருந்து கூறவேண்டியவனாகிறேன்.

1950-ஆம் ஆண்டில் கேலன், டாம்லின் என்னும் இருவர் நீர்நிலவாழ் உயிர்களின் முட்டையணுக்களிலிருந்து உட்கருச் சவ்வைப் பிரித்தெடுத்து, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தனர். சவ்வில் வட்டமான துளைகள் ஒழுங்காகப் பரவியிருக்கக் கண்டனர். 1967-இல் கால் என்பவர் அவ்வட்டங்கள் உண்மையில் எட்டு மடிச் சமச்சீர் உடையவை என்று காட்டினார். பின்னர் வந்த ஆராய்ச்சிகளால், துளை என்று நாம் அழைப்பது வெறும் ஓட்டை அன்று, புரதங்களால் கட்டப்பட்ட மிகப் பெரிய அமைப்பு என்று விளங்கிற்று. முதுகெலும்புள்ள பிராணிகளில் ஒரு துளையமைப்பின் எடை சுமார் 11 கோடி டால்டன். அதன் வெளி விட்டம் சுமார் 120 நானோமீட்டர். சுமார் 30 வகைப் புரதங்கள், ஒவ்வொன்றும் பல பிரதிகளாக, மொத்தம் ஏறத்தாழ ஆயிரம் சேர்ந்து ஒரு துளையை ஆக்குகின்றன. இப்புரதங்களுக்கு நியூக்ளியோபோரின்கள் என்று பெயர். துளையின் உட்கருப் பக்கத்தில் எட்டு இழைகள் சேர்ந்து மீன்பிடிக்கும் கூடை போன்ற ஓர் உறுப்பைத் தோற்றுவிக்கின்றன. துளையின் நடுப்பகுதி வெற்றிடமும் அன்று. நிலையான வடிவமற்ற புரதச் சரங்கள் அதனுள்ளே நீண்டு நெளிந்து நிறைந்துள்ளன. சிறிய மூலக்கூறுகள் இச்சரங்களுக்கிடையே தாமாகவே நுழைந்து செல்லும். சுமார் 40,000 டால்டனுக்கு மேற்பட்டவை எளிதில் நுழைய மாட்டா. அவற்றைச் சுமந்து செல்லத் தனிப் புரதங்கள் உள்ளன.

இனிக் கால்சியத்துக்கு வருவோம். சுண்ணாம்புச்சத்து என்றதும் எலும்பும் பல்லுமே நம் நினைவுக்கு வரும். உயிரணுவுக்குள் அதன் வேலை வேறு. அமைதியான நிலையில் உயிரணுச் சாற்றிலுள்ள கட்டற்ற கால்சியம், உயிரணுவுக்கு வெளியே உள்ளதில் பதினாயிரத்தில் ஒரு பங்கு அளவே. இவ்வளவு குறைவாக வைத்திருப்பதற்காகவே உயிரணு இடையறாது ஆற்றலைச் செலவிட்டு, கால்சியத்தை வெளியேயும், எண்டோபிளாச வலைக்குள்ளேயும் இறைத்துக்கொண்டிருக்கிறது. தக்க செய்தி வந்ததும் வலையிலிருந்து கால்சியம் பாய்ந்து வெளிப்படும். தசை சுருங்குவதும் சுரப்பி சுரப்பதும் முட்டை கருவுற்று விழிப்பதும் இப்பாய்ச்சலால் நிகழ்வன. உட்கருவின் இரு சவ்வுகளுக்கும் இடைப்பட்ட வெளி இந்த வலையோடு தொடர்ச்சியாக இணைந்தது. ஆகவே அதுவும் ஒரு கால்சியக் களஞ்சியமே. ஒவ்வொரு துளையும் இக்களஞ்சியத்தை ஊடுருவிக்கொண்டு நிற்கிறது. துளையை நிலைநிறுத்தும் புரதங்களில் ஒன்று தன் உடலின் பெரும்பகுதியை இக்களஞ்சியத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. களஞ்சியத்தின் நிறைவும் குறைவும் துளைக்குத் தெரியவரும் என்று எண்ணுவது இயல்புதான்.

1995-ஆம் ஆண்டில் இரண்டு குழுக்கள் இவ்வெண்ணத்தைச் சோதித்தன. கிரேபர், ஜெரேஸ் ஆகிய இருவரும் வளர்ப்பு உயிரணுக்களில் எண்டோபிளாச வலையின் கால்சியத்தை வடித்தபொழுது, தானாக நுழைதலும் சுமந்து செல்லப்படுதலும் ஆகிய இரண்டுமே தடைப்பட்டன. கால்சியம் மீண்டும் நிறைந்ததும் தடை நீங்கிற்று. ஸ்டேனோ-பிட்டல், பெரஸ்-டெர்சிக், கிளாபம் ஆகியோர் ஜெனோபஸ் என்னும் ஆப்பிரிக்கத் தவளையின் முட்டையணுவிலிருந்து உட்கருவைத் தனியே எடுத்துச் சோதித்தனர். இத்தவளையின் முட்டையணுவும் அதன் உட்கருவும் கண்ணுக்குப் புலப்படும் அளவு பெரியவை. ஆராய்ச்சியாளருக்கு இஃது ஒரு பெரும் வசதி. களஞ்சியத்தின் கால்சியத்தை நீக்கியபின், 10,000 டால்டன் எடையுள்ள ஒளிரும் மூலக்கூறுகள் உட்கருவுக்குள் நுழையவில்லை. 500 டால்டன் அளவுள்ள சாயமோ தடையின்றி நுழைந்தது. அடுத்த ஆண்டில் அதே குழுவினர் துளைகளை நேரே நோக்கினர். அணுவிசை நுண்ணோக்கி என்னும் கருவியைப் பயன்படுத்தினர். பார்வையற்றவர் விரலால் தடவி எழுத்தை அறிவதுபோல, இக்கருவி மிக நுண்ணிய ஊசிமுனையால் தடவிப் பொருளின் மேடு பள்ளங்களை வரைந்து காட்டும். கால்சியம் நீங்கிய சவ்வில் துளைகளின் நடுவே ஏதோ ஒன்று அடைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. 1999-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் ஸ்டாஃப்ளர், ஏபி முதலியோர் அதே தவளையின் உட்கருச் சவ்வை மறுபுறத்திலிருந்து, அதாவது கூடையுள்ள பக்கத்திலிருந்து தடவிப் பார்த்தனர். கால்சியம் சேர்த்தபொழுது கூடையின் நுனி வளையம் திறந்தது, நீக்கியபொழுது மூடிற்று. ஒரே துளை திறப்பதையும் மூடுவதையும் அவர்கள் அடுத்தடுத்துப் படமெடுத்தனர்.

இவ்வாராய்ச்சிகளை மட்டும் படித்தவன் மதகு என்று எழுதாமல் வேறென்ன எழுதுவான்? ஆனால் கதை அங்கே முடியவில்லை. நான் மொழிபெயர்த்த கட்டுரை அங்கே முடிந்துவிட்டது, அவ்வளவே.

துளையை அடைத்து நின்ற அப்பொருள் யாது? 1982-இலேயே அன்வின், மில்லிகன் என்போர் துளைகளின் நடுவே ஒரு துகளைக் கண்டு குறித்திருந்தனர். அது துளையின் உறுப்புகளில் ஒன்று என்று ஒரு சாரார் கொண்டனர். அது துளை வழியே போய்க்கொண்டிருக்கும் சரக்கு, படமெடுத்த கணத்தில் வழியில் அகப்பட்டுக்கொண்டது என்று மற்றொரு சாரார் கொண்டனர். நடுப்பகுதியிலுள்ள புரதச் சரங்கள் சுருண்டு திரண்ட தோற்றமே அது என்பாரும் உளர். கிராமத்து வாயிலில் நிற்கும் வைக்கோல் வண்டியைத் தொலைவிலிருந்து பார்ப்பவன், வாயிலுக்குக் கதவு உண்டு, அது சாத்தியிருக்கிறது என்று சொல்வதற்கு இடமுண்டன்றோ? இன்று சரக்கு, சரங்கள் என்னும் விளக்கங்களின் பக்கமே சான்று மிகுதியாகச் சாய்ந்துள்ளது. அங்ஙனமாயின் கால்சியத்தை நீக்கியபின் அடைப்பு ஏன் மிகுந்து காணப்பட்டது என்ற வினா எஞ்சி நிற்கிறது. துளைக்குள் எதுவும் நிகழவில்லை என்று சொல்லிவிட முடியாது.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்றுண்டு. 1999-இல் ஸ்ட்ரூபிங், கிளாபம் ஆகிய இருவரும் சிதைக்கப்படாத பாலூட்டி உயிரணுக்களில் சோதித்து, சுமந்து செல்லும் போக்குவரத்து உள்ளே வருவதாயினும் வெளியே போவதாயினும் களஞ்சியத்தின் கால்சியத்தைச் சார்ந்ததன்று என்று அறிவித்தனர். இந்தக் கிளாபம், 1995-இலும் 1996-இலும் அடைப்பைக் கண்ட குழுவைச் சேர்ந்த அவரே. தம் முந்திய முடிவு எவ்வளவு தூரம் செல்லும் என்பதைத் தாமே அளந்து, எல்லையையும் தாமே நட்டுக் காட்டியது போற்றத்தக்கது. ஆயினும், முதலில் வந்த செய்தியைப் பரப்பிய பொதுமக்கள் இதழ்கள் பின்னர் வந்ததை அதே ஆர்வத்தோடு பரப்புவதில்லை. திறந்து மூடும் கதவுக்குப் படம் போடலாம். இவ்வகை உயிரணுவில் இவ்வகைப் போக்குவரத்து மாறவில்லை என்பதற்குப் படம் போடுவது கடினம்.

அண்மைக் காலத்தில் வேறொரு செய்தியும் வந்துள்ளது. உயிரணுக்களை நொடிப்பொழுதில் உறையவைத்து, பல கோணங்களில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் படமெடுத்து, துளைகளை அவை இருந்த இடத்திலேயே முப்பரிமாணத்தில் காணும் முறை இப்பொழுது உண்டு. 2021-இல் ஜெர்மனியைச் சேர்ந்த பெக் என்பவரின் குழுவினர், ஈஸ்ட் உயிரணுக்களின் துளைகள் ஆற்றல் குறைந்தபொழுதும், வெளியே உப்புச்செறிவு போன்றவை மிகுந்து உயிரணு சுருங்கியபொழுதும் குறுகுகின்றன என்று காட்டினர். சவ்வின் இழுவிசை தளர்வதே இதற்குக் காரணம் என்பது அவர்கள் கருத்து. 2022-இல் அதே குழுவினர் மனித உயிரணுவின் துளையை ஆராய்ந்தபொழுது, உயிரணுவுக்குள் இருக்கும் துளையைவிடப் பிரித்தெடுத்த சவ்வில் உள்ள துளை குறுகியிருப்பது தெரியவந்தது. ஆகவே துளை அசையாத கல்வளையம் என்ற பழைய எண்ணம் போயிற்று. அது விரியும், சுருங்கும். ஆனால் 1990-களின் அணுவிசை நுண்ணோக்கிச் சோதனைகள் யாவும் பிரித்தெடுத்த சவ்வில் நடந்தவை. கழற்றி எடுத்த மத்தளத் தோலைத் தட்டி மத்தளத்தின் ஓசையை முடிவு செய்வது எவ்வளவு பொருந்துமோ, அவ்வளவே அச்சோதனைகளிலிருந்து உயிருள்ள துளையைப் பற்றி முடிவு செய்வதும் பொருந்தும் என்பது என் எண்ணம். அச்சோதனைகள் பொய் என்று நான் கூறவில்லை. கால்சியத்தால் புரதங்கள் வடிவம் மாறுவது எங்கும் காணும் நிகழ்ச்சி. கூடையின் நுனி வளையம் மாறியதைப் பலமுறை கண்டிருக்கிறார்கள். உயிருள்ள உயிரணுவில் அம்மாற்றம் எந்த அளவில், எந்த வேலைக்காக நிகழ்கிறது என்பதே வினா.

துளையின் அசைவைப் பற்றிய இத்தகைய வழக்கொன்று என் வீட்டுக்கு அருகிலேயே தொடர்புடையது. சாங்வியிலிருந்து முளா ஆற்றைக் கடந்து ஔந்த் வழியாகச் சென்றால், கணேஷ்கிண்டில் உள்ள புனே பல்கலைக்கழக வளாகத்தில் தேசிய உயிரணு அறிவியல் மையம் இருக்கிறது. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையைச் சார்ந்த இம்மையம், நாடெங்குமுள்ள ஆய்வாளர்களுக்கு உயிரணு வகைகளைப் பாதுகாத்து வழங்குவதால் புகழ் பெற்றது. இங்கு ராதா சௌஹானின் குழுவினர் நியூக்ளியோபோரின்களின் கட்டமைப்பை ஆராய்ந்து வந்துள்ளனர். துளையின் நடுவழியை அமைக்கும் மூன்று புரதங்களாகிய நப்62, நப்54, நப்58 என்பன நப்93 என்னும் புரதத்தோடு எங்ஙனம் பிணைகின்றன என்பதைப் பற்றி 2020-இல் அவர்கள் வெளியிட்டனர்.

அவர் முன்னர் நியூயார்க்கில், 1999-இல் நோபல் பரிசு பெற்ற குந்தர் புளோபலின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். அங்கு 2011-இல் அவரும் சேர்ந்து வெளியிட்ட ஆராய்ச்சி, படிக வடிவங்களைக் கொண்டு, நடுவழியின் புரத வளையம் சுமார் 20 நானோமீட்டர் முதல் 50 நானோமீட்டர் வரை விரிந்து சுருங்கக்கூடும் என்று கூறிற்று. 2015-இல் ஜெர்மனியின் கெர்லிஷ் குழுவினர் அதே மூன்று புரதங்களின் படிகத்தை வேறு விதமாக எடுத்து, அப்படி விரியும் வளையத்துக்கு இடமில்லை என்று வாதித்தனர். 2021-இல் துளை விரிவது உயிரணுவிலேயே காணப்பட்டது. ஆனால் அது விரிந்த விதம் 2011-இல் சொன்ன விதமன்று, சட்டகம் முழுவதும் சேர்ந்து அசைந்தது. இவ்வழக்கில் வென்றவர் யார், தோற்றவர் யார் என்று கூறுவது எளிதன்று. ஒவ்வொரு கட்டத்திலும் எழுதப்பட்ட ஆங்கிலக் கட்டுரைகளில் மட்டும் ஓர் ஒற்றுமையைக் காண்கிறேன்: ‘கூடும்’, ‘எனத் தோன்றுகிறது’, ‘இசைவாக உள்ளது’ என்னும் சொற்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. 1996-ஆம் ஆண்டுக் கட்டுரையின் சுருக்கமும் துளையின் வடிவமே போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவதாகத் ‘தோன்றுகிறது’ என்றுதான் முடிகிறது.

தமிழாக்கும்பொழுது முதலில் பலியாவது இச்சொற்களே. பக்க அளவு குறைவு, வாக்கியம் நீள்கிறது, ‘தோன்றுகிறது’ என்பதை எடுத்துவிட்டால் நடை கம்பீரமாகிவிடுகிறது. நானும் எடுத்திருக்கிறேன். தமிழில் இதற்கு வழியில்லாமலும் இல்லை. போலும் என்ற ஒரு சொல்லையும், கூடும் என்ற ஒரு துணைவினையையும் நம் முன்னோர் நமக்குக் கொடுத்திருக்கின்றனர். பயன்படுத்த மனம் வேண்டும்.

கலைச்சொற்களைப் பற்றிய நம் வாதங்கள் பெரும்பாலும் வடமொழியா, தமிழா, ஆங்கிலமா என்பதிலேயே செலவாகின்றன. உயிரணுவைச் செல் என்போரும், இலங்கைத் தமிழரைப் போலக் கலம் என்போரும், ஒரே பொருளைத்தான் சொல்கின்றனர்; அவற்றுள் எதை ஏற்றாலும் அறிவுக்குக் கேடில்லை. 1961-இல் மத்திய அரசு விஞ்ஞான, தொழில்நுட்பச் சொல்லாக்க ஆணையத்தை நிறுவியது முதல் இவ்வாதங்களுக்கு ஓர் அரங்கும் உண்டு. எனக்குக் கவலை தருவது வேறொன்று. தூய தமிழாயினும் கலப்புத் தமிழாயினும், சான்றைக் காட்டிலும் மிகுதியாகப் பேசும் சொல் தீய சொல். மதகு என்பது அழகிய தமிழ்ச்சொல்லே. ஆனால் அதற்குள் திறப்பவன் ஒருவன் இருக்கிறான், திறப்பதற்கு ஒரு நோக்கம் இருக்கிறது, மூடினால் ஒரு சொட்டும் போகாது என்ற உறுதி இருக்கிறது. 500 டால்டன் சாயம் தாராளமாக நுழைந்ததை மேலே கண்டோம். இவ்வாறு ஒழுகும் மதகைக் கட்டிய பொறியாளரைச் சும்மா விடுவார்களா? அதேபோல், துளை நடுவே கண்ட பொருளை நான் அடைப்பான் என்று எழுதியிருந்தேன். அடைப்பான் என்றால் அடைப்பதற்கென்றே அமைந்த கருவி. அடைப்பு என்று எழுதியிருந்தால், அடைபட்டிருக்கக் கண்டோம் என்ற அளவோடு நின்றிருக்கும். ஆன் என்னும் ஒரு விகுதி, இருபது ஆண்டு வழக்கைத் தீர்த்துவைத்துவிட்டது!

ஆகவே துளையைத் துளை என்றே சொல்வோம் என்பது என் கட்சி. அது வெறும் ஓட்டையைக் குறிக்கும் எளிய சொல், இவ்வளவு பெரிய அமைப்புக்குப் போதாது என்று நண்பர் ஒருவர் மறுத்தார். போதாதுதான். துளையமைப்பு என்று நீட்டிக்கொள்ளலாம். குறைவாகச் சொல்லும் சொல்லைப் பின்னர் நிரப்பிக்கொள்ள முடியும். மிகுதியாகச் சொன்ன சொல்லைப் பாடநூலில் ஏறியபின் இறக்குவது அரிது.

ஆசிரியைக்கு நீண்ட மறுமொழி எழுதினேன். இரத்தத்திலுள்ள கால்சியத்தை உடல் மிகக் குறுகிய வரம்புக்குள் காத்துவருகிறது. உணவில் குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்தேனும் அவ்வளவை நிரப்பும். உட்கருக் களஞ்சியத்தின் நிறைவோ, உயிரணு தானே இறைத்துக்கொள்வதைப் பொறுத்தது. சோதனைகளில் அதை வடித்தது உணவைக் குறைத்தன்று, கால்சியத்தைப் பற்றியிழுக்கும் இரசாயனப் பொருள்களையும் அதை வெளிப்படுத்தும் பொருள்களையும் இட்டு. இவற்றையெல்லாம் விளக்கி, மதகு, அடைப்பான் என்னும் இரண்டு சொற்களையும் நான் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும் தெரிவித்தேன். கேழ்வரகுப் படத்தை அகற்றவேண்டா, ‘எலும்புக்கு’ என்று ஒரு சொல்லை மட்டும் மாற்றி எழுதினால் போதும் என்றும் குறிப்பிட்டேன். அங்ஙனமே செய்ததாக அவர் பதில் எழுதினார். ‘அப்படியானால் கால்சியம் துளையை என்னதான் செய்கிறது?’ என்று ஒரு மாணவி எழுந்து கேட்டாளாம். அதற்கு என்ன சொல்வது என்று ஆசிரியை என்னை மீண்டும் வினவியிருக்கிறார். தவளை முட்டையில் 1996-இலும் 1999-இலும் கண்டதை, கண்ட அளவில், மாணவிக்காக இரண்டு பக்கம் எழுதி வருகிறேன்.